ஓ.டி. கணக்கை எழுதிக் கொடுங்கள்

ஆவடியில் ராணுவ டாங்கிகள் தயாரிக்கும் கனரக வாகனத் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் பல ஆண்டுகளாக நீதிமன்றங்களில் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மிகைநேர (ஓ.டி.) வேலைக்கு இரட்டிப்புச் சம்பளம் என்கிறது சட்டம். எந்தச் சம்பளத்தின் இரட்டிப்பு? அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் மட்டுமா, வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி எல்லாம் சேர்ந்ததா? படிகளைச் சேர்க்க வேண்டியதில்லை என்று டெல்லி அமைச்சகங்கள் அனுப்பிய கடிதங்களைக் காட்டி நிர்வாகம் மறுத்தது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் தொழிலாளர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2026 ஜனவரியில் அந்த மேல்முறையீடு தள்ளுபடியானது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-ஆவது பிரிவு, போனஸையும் மிகைநேர ஊதியத்தையும்தான் கணக்கிலிருந்து விலக்கியிருந்தது. சட்டம் விலக்காத படிகளை ஒரு சுற்றறிக்கையால் விலக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கும் இடையில் மட்டும் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள். இதற்குள் எத்தனையோ பேர் பணி ஓய்வு பெற்றிருப்பார்கள். வலுவான தொழிற்சங்கம் உள்ள, கணக்குப் பதிவேடுகள் ஒழுங்காக உள்ள, அரசே முதலாளியாக இருக்கும் ஓர் ஆலையில் ஒரு பெருக்கல் கணக்கைச் சரிசெய்ய இவ்வளவு காலம் பிடித்தது. சங்கம் இல்லாத தையல் பட்டறையிலும், தினக்கூலி வார்ப்படச் சாலையிலும், பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி காவல் பார்க்கும் செக்யூரிட்டி வேலையிலும் இந்தக் கணக்கை யார் சரிபார்ப்பது?

மிகைநேர ஊதியம் பற்றிய பேச்சு தமிழ்நாட்டில் பெரும்பாலும் வேலை நேரத்தைச் சுற்றியே நடக்கிறது. அது இயல்புதான். 2023 ஏப்ரல் 21 அன்று சட்டப்பேரவையில் நிறைவேறிய தொழிற்சாலைகள் திருத்த மசோதாவை, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிதிறப்பது என்று ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மூன்று நாளில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே நாளன்று திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். தொழிலாளர் இயக்கத்துக்கு அது உண்மையான வெற்றி. ஆனால், சட்டத்தில் பன்னிரண்டு மணி நேரம் வராமல் தடுத்துவிட்டோமே தவிர, பல ஊர்களில் நடைமுறையில் அது முன்பே இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்தக் கூடுதல் மணி நேரங்களுக்கு என்ன கூலி கிடைக்கிறது என்ற கேள்விக்கு இதே அளவு அக்கறை கிடைக்கவில்லை.

திருப்பூரில் ‘ஒன்றரை ஷிஃப்ட்’ என்றால் குழந்தைக்கும் தெரியும். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டு, எட்டரைக்கு வெளியே வருவது. டையிங்கில் துணி தாமதமாகிவிட்டால், ஷிப்மென்ட் நெருங்கும் வாரத்தில் அது விடிய விடிய நீளும். சனிக்கிழமை கூலி போடும்போது ஒன்றரை ஷிஃப்ட்டுக்கு ஒன்றரைக் கூலி கணக்காகும். ஊரே ஏற்றுக்கொண்டுவிட்ட கணக்கு என்பதால் யாருக்கும் அதில் தவறு தெரிவதில்லை. ஷிஃப்ட் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரைக்கு 900 ரூபாய். அந்த அரை ஷிஃப்ட் நான்கு மணி நேரம் என்றால், சட்டப்படி அதற்கு இரட்டிப்பு, அதாவது இன்னொரு முழு ஷிஃப்ட் கூலி. தொழிலாளியின் கையில் வர வேண்டியது 1,200 ரூபாய். ஒரு நாளைக்கு 300 ரூபாய் வித்தியாசம். வாரத்தில் நாலு நாள் அப்படி நின்றால் இரண்டு நாள் கூலி போய்விடுகிறது.

பீஸ் ரேட்டில் தைப்பவர்களின் நிலை இன்னும் மோசம். ‘பீஸ் கணக்குதானே, ஓ.டி. எங்கே வந்தது?’ என்று முதலாளிகள் மட்டுமல்ல, டெய்லர்களே கேட்கிறார்கள். தொழிற்சாலைகள் சட்டம் இதற்கு நேரடியாக விடை வைத்திருந்தது. அதே வேலையில் அந்தத் தொழிலாளி முந்தைய மாதம் முழு நேரம் வேலை பார்த்த நாள்களின் சராசரி வருமானத்தைக் கண்டுபிடித்து, அதை நேரக் கூலியாக எடுத்துக்கொண்டு, கூடுதல் மணிகளுக்கு அதை இரட்டிக்க வேண்டும். அதாவது, எத்தனை பீஸ் தைத்தாலும் ஒன்பதாவது மணி நேரத்துக்குப் பிறகு நேரமும் எண்ணப்பட வேண்டும். பல பத்தாண்டுகளாக அச்சில் இருந்த விதி இது. தையல் மெஷின்களின் வரிசைக்கு அது வந்து சேரவேயில்லை.

மாதச் சம்பளக்காரர்களின் நிலை வேறு வகை. ஒரகடத்திலோ ஓசூரிலோ உள்ள ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் சம்பளச் சீட்டை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 24,000 ரூபாய். இதில் அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்து 11,000. மீதி 13,000 ரூபாய் வீட்டு வாடகைப்படி, பயணப்படி, சலவைப்படி, ‘ஸ்பெஷல் அலவன்ஸ்’ என்று நான்கு வரிகளில் சிதறிக் கிடக்கிறது. மாதம் 26 வேலை நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வகுத்தால் இவர் ஒரு மணி நேரத்துக்குச் சம்பாதிப்பது 115 ரூபாய் 38 காசு. மிகைநேரத்தில் ஒரு மணிக்கு 230 ரூபாய் 77 காசு வர வேண்டும். ஆனால் கணக்குப் பிரிவு 11,000-ஐ மட்டும் எடுத்து, அதையும் 30 நாளால் வகுத்து, எட்டால் வகுத்து, பிறகு இரட்டிக்கிறது. விடை 91 ரூபாய் 67 காசு. சீட்டில் ‘டபுள் ஓ.டி.’ என்றே அச்சாகியிருக்கும். வழக்கமான எட்டு மணி நேரத்தில் ஒரு மணிக்குக் கிடைப்பதைவிடக் குறைவான தொகை, இரட்டிப்பு என்ற பெயரில் கொடுக்கப்படுகிறது.

பழைய சட்டம் பொதுவாக ஒரு காலாண்டில் அனுமதித்த மிகைநேரம் 50 மணி. அந்த வரம்புக்குள் நின்று காலாண்டுக்கு 48 மணி நேரம் கூடுதலாக உழைக்கும் ஒருவர் இந்தக் கணக்கால் ஆண்டுக்கு இழப்பது 26,000 ரூபாய்க்கு மேல். அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். இதில் யாரும் பூட்டை உடைக்கவில்லை, கள்ளக் கையெழுத்துப் போடவில்லை. வகுக்கும் எண்ணும் பெருக்கும் எண்ணும்தான் மாறின.

எல்லா முதலாளிகளும் தெரிந்தே இதைச் செய்கிறார்கள் என்று சொல்வது நியாயமில்லை. இருபது, முப்பது பேரை வைத்து நடத்தும் ஒருவருக்குத் தொழிலாளர் சட்டம் என்பது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்குப் பார்க்கும் கன்சல்டன்ட் சொல்வதுதான். பத்து நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதும் அவர், பத்துக்கும் ஒரே எக்செல் தாளைப் பயன்படுத்துகிறார். அந்தத் தாளில் ஒரு கட்டத்தில் தவறு இருந்தால் பத்து நிறுவனங்களிலும் அதே தவறு நடக்கும். அந்த முதலாளி சரியான கணக்கைத் தானே தேடிப் பார்க்க நினைத்தாலும் எங்கே போவார்? அரசிதழ் அறிவிக்கைகள் இருக்கின்றன. வழக்கறிஞருக்கே இரண்டு முறை படித்தால்தான் புரியும். தொழிற்சாலையின் நுழைவாயிலில் சட்டச் சுருக்கத்தை ஆங்கிலத்திலும், பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் ஒட்ட வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. ஒட்டியும் இருப்பார்கள். வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள், எறும்பு எழுத்தில், மஞ்சள் படிந்த தாளில். பிரிவு எண்கள் எல்லாம் அதில் இருக்கும். ஒரு கணக்கு இருக்காது.

அரசுக்கு எடுத்துக்காட்டுக் கணக்கு எழுதத் தெரியாது என்பதில்லை. 2020 ஏப்ரலில், கரோனா பொதுமுடக்கத்தின் நடுவே, குஜராத் அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. தொழிற்சாலைகளில் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு வேண்டாம், விகிதப்படி கொடுத்தால் போதும். முதலாளிகளுக்குக் குழப்பம் வரக் கூடாது என்று கணக்கும் அதிலேயே இருந்தது: எட்டு மணி நேரத்துக்கு 80 ரூபாய் என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு 120 ரூபாய். படித்தவுடனே யாருக்கும் புரியும் கணக்கு. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. பெருந்தொற்றின் சுமையைத் தொழிலாளியின் தோளில் இறக்கிவைக்க, ‘பொது நெருக்கடி’க்கான பிரிவைப் பயன்படுத்த முடியாது என்று கூறி, இடைப்பட்ட காலத்தின் மிகைநேர ஊதியத்தைச் சட்டப்படியான இரட்டிப்பில் தர உத்தரவிட்டது. உரிமையைக் குறைப்பதற்கு ஒரே வரியில் இவ்வளவு தெளிவாக எழுத முடிந்த அரசு இயந்திரம், உரிமையைச் சொல்வதற்கும் அதே தெளிவோடு எழுத வேண்டும்.

இப்போது அதற்கு அவசரத் தேவை வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டதாக ஒன்றிய அரசு அறிவித்தது. குறைந்தபட்ச ஊதியச் சட்டம், ஊதியம் வழங்கல் சட்டம், போனஸ் சட்டம், சம ஊதியச் சட்டம் நான்கும் 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புக்குள் அடங்கின. தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்துக்கு 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்பு வந்தது. ஆவடித் தொழிலாளர்களுக்கு உச்ச நீதிமன்றம் வழங்கிய விளக்கம், அது வெளிவந்த நேரத்தில் மாறிப்போயிருந்த ஒரு சட்டத்தின் 59-ஆவது பிரிவுக்கானது. பழைய நிலுவைகளுக்கு அது துணை நிற்கும். இனி வரும் மாதங்களின் சம்பளத்துக்கு?

புதிய ஊதியத் தொகுப்பும் இரட்டிப்புக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்றே சொல்கிறது. ஆனால் ‘ஊதியம்’ என்பதற்கு அது தரும் விளக்கத்தில் அடிப்படை, அகவிலைப்படி, பணி தக்கவைப்புப்படி மூன்றும்தான் உண்டு. வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்றவை வெளியே வைக்கப்பட்டிருக்கின்றன. அப்படி வெளியே வைத்தவை மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேர்க்கப்படும். படிகளாகப் பிரித்துப் பி.எஃப்.-ஐக் குறைக்கும் பழக்கத்துக்கு இது நல்ல கடிவாளம், வரவேற்க வேண்டியது. மிகைநேர ஊதியத்தில் அதே விளக்கம் என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும். மேலே சொன்ன 24,000 ரூபாய் சம்பளக்காரரின் ‘ஊதியம்’ இப்போது 12,000. 26 நாள், எட்டு மணி என்று வகுத்தால் மணிக்கு 57 ரூபாய் 69 காசு. இரட்டித்தால் 115 ரூபாய் 38 காசு. அவர் சாதாரண நேரத்தில் ஒரு மணிக்கு மொத்தமாகச் சம்பாதிக்கும் அதே தொகை.

விளக்கத்தை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொண்டால், சம்பளத்தைப் பாதிக்குப் பாதி பிரித்து வைக்கும் எந்த நிறுவனத்திலும் இரட்டிப்பு என்பது ஒற்றையாகச் சுருங்கிவிடும். நாடாளுமன்றம் இதை நினைத்துச் செய்ததா, வெவ்வேறு சட்டங்களுக்கு ஒரே விளக்கம் கொடுக்கப்போனதில் நேர்ந்த விளைவா என்பது விவாதத்துக்குரியது. எப்படியிருந்தாலும் மணி அடித்த பிறகும் ஒருவரை மெஷினில் நிறுத்துவதற்கு முதலாளி யோசிக்க வேண்டும் என்பதற்காக வந்ததுதான் இரட்டிப்பு விதி. ஒற்றைக் கூலியில் ஓ.டி. கிடைத்தால், புதிதாக ஆள் எடுப்பதைவிட இருக்கிற ஆளை நீட்டிப்பதே எந்த முதலாளிக்கும் லாபம். வேலை நேரத்துக்கு வரம்பு போட்ட சட்டத்தின் பல் அங்கேயே விழுந்துவிடும்.

குழப்பம் இதோடு நிற்கவில்லை. மின்சாரம் பயன்படுத்தும் பட்டறையில் பத்துப் பேர் இருந்தாலே அது தொழிற்சாலை என்பது பழைய வரையறை. புதிய பணிப் பாதுகாப்புத் தொகுப்பில் இருபது பேர் வேண்டும். பன்னிரண்டு பேர் வேலை செய்யும் பவர் டேபிள் தையல் யூனிட் ஒன்று இனி தொழிற்சாலை அல்ல. ‘அப்படியென்றால் நமக்கு ஓ.டி. சட்டமே கிடையாது’ என்று அதன் உரிமையாளர் நினைத்துக்கொள்ள நிறைய வாய்ப்பு இருக்கிறது. ஊதியத் தொகுப்பு ஆள் கணக்குப் பார்ப்பதில்லை. குறைந்தபட்ச ஊதியமும் மிகைநேர ஊதியமும் அங்கேயும் உண்டு. மிகைநேர வேலைக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்று பணிப் பாதுகாப்புத் தொகுப்பு ஒரு நல்ல நிபந்தனையைச் சேர்த்திருக்கிறது. வேலையில் சேரும் நாளில் பத்துத் தாள்களோடு பதினோராவதாக ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டால் அது சம்மதமா? ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டுமா? மறுத்தால் மறுநாள் வேலை இருக்குமா? இதையெல்லாம் அரசுதான் எழுத்தில் சொல்ல வேண்டும்.

வெளிநாடுகளில் இதை எப்படிக் கையாள்கிறார்கள் என்பதைப் பார்ப்பது பயன்தரும். அமெரிக்காவில் 1938-ஆம் ஆண்டின் சட்டப்படி வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு. அந்த நாட்டுச் சட்டத்தில் குறைகள் நிறைய. ஒன்றிய அளவிலான குறைந்தபட்சக் கூலி 2009-லிருந்து மணிக்கு ஏழேகால் டாலரில் அப்படியே நிற்கிறது. ஆனால் தொழிலாளர் துறையின் ஊதிய, பணிநேரப் பிரிவு, எண்ணிட்ட விளக்கத் தாள்களை முதலாளிகளுக்காக வெளியிடுகிறது. பீஸ் ரேட் வேலைக்கு எப்படி, இரண்டு வேறு கூலியில் வேலை பார்த்தவருக்கு எப்படி என்று எண்களோடு கணக்குப் போட்டுக் காட்டுகிறது. சந்தேகம் கேட்டு எழுதும் முதலாளிக்கு அந்தப் பிரிவு எழுத்தில் கருத்துக் கடிதம் தருகிறது. அதை நல்லெண்ணத்தோடு நம்பி நடந்த முதலாளிக்கு, பின்னால் வழக்கு வந்தால் 1947-ஆம் ஆண்டின் ஒரு சட்டம் பாதுகாப்பும் தருகிறது. வழிகாட்டுதலுக்கு இப்படி ஒரு மதிப்பு இருப்பதால்தான் முதலாளிகள் அதைத் தேடிப் படிக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போகும் சிங்கப்பூரில் மிகைநேரக் கூலி ஒன்றரை மடங்கு. அதுவும் அடிப்படைச் சம்பளத்தின் மீதுதான். காகிதத்தில் நம் சட்டம் அதைவிடத் தாராளமானது. ஆனால் அங்கே சூத்திரத்தை மனிதவள அமைச்சகமே வெளியிட்டிருக்கிறது: மாத அடிப்படைச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, 52 வாரத்தாலும் 44 மணி நேரத்தாலும் வகுத்து, வந்ததை ஒன்றரையால் பெருக்கு. மாதத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் ஓ.டி. கூடாது. 2016 ஏப்ரல் முதல் விரிவான சம்பளச் சீட்டு கட்டாயம், அதில் ஓ.டி. எத்தனை மணி, எவ்வளவு பணம் என்று தனித்தனியாக இருக்க வேண்டும். அங்கும் ஏமாற்றப்படும் தொழிலாளர்கள் உண்டு. ஆனால் ஏமாற்றப்பட்டவர், எவ்வளவு ஏமாற்றப்பட்டோம் என்பதைத் தன் அறையில் உட்கார்ந்து தானே கணக்கிட முடிகிறது. தஞ்சாவூரிலிருந்து போய் அங்கே வேலை செய்யும் ஒருவருக்குத் தன் ஓ.டி. விகிதம் தெரிகிறது. அதே ஊரிலிருந்து திருப்பூருக்குப் போன அவருடைய தம்பிக்குத் தெரிவதில்லை.

தமிழ்நாட்டு முதலாளிகள் தரப்பில் ஒரு மறுப்பு எப்போதும் உண்டு. வங்கதேசத்தோடும் வியட்நாமோடும் போட்டி போடுகிறோம், பையர் கொடுக்கும் விலை ஏறவில்லை, இரட்டிப்புக் கொடுத்தால் யூனிட்டை மூட வேண்டியதுதான் என்பார்கள். விலை அழுத்தம் உண்மைதான். அதை மறுப்பவர்களுக்குத் திருப்பூரைத் தெரியாது. ஆனால் இன்றைய நிலையில் அந்த அழுத்தம் யாரைத் தண்டிக்கிறது? சட்டப்படி கொடுக்க நினைக்கும் நிறுவனத்தை. அது பத்து ரூபாய் கூட்டி விலை சொன்னால், பக்கத்துத் தெருவில் ஒன்றரைக் கூலி கணக்கில் தைப்பவர் ஆர்டரை எடுத்துவிடுகிறார். வெளிநாட்டு பையர்களின் ஆடிட்டுக்கு ஒரு பதிவேடு, உள்ளே ஒரு பதிவேடு என்று இரண்டு வைத்துக்கொள்ளும் வழக்கமும் இந்தப் போட்டியில் வளர்ந்ததுதான். ஓ.டி. மணிக்கு எவ்வளவு என்ற கணக்கு அரசின் முத்திரையோடு எல்லோர் கையிலும் இருந்தால், விலை பேசும்போதே அதை எடுத்து வைக்க முடியும். கடைசி வாரத்து இரவு வேலைக்கு ஆகும் செலவு காஸ்டிங் தாளில் ஏறும். அதன் பிறகு டையிங்கில் தாமதம் வராமல் பார்த்துக்கொள்ளவும் எல்லோருக்கும் அக்கறை பிறக்கும்.

புதிய தொகுப்பில் தண்டனையின் கனம் குறைந்திருப்பதையும் கவனிக்க வேண்டும். தொழிற்சாலைகள் சட்டத்தை மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை என்பது ஏட்டளவிலாவது இருந்தது. ஊதியத் தொகுப்பில் கூலியைக் குறைத்துக் கொடுத்த முதல் குற்றத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். ஐந்து ஆண்டுக்குள் மறுபடி செய்தால்தான் மூன்று மாதம் வரை சிறை. ஆய்வாளரின் பணியில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் சட்டத்தைப் பின்பற்ற ஆலோசனை சொல்வதும் சேர்ந்திருக்கிறது. பயமுறுத்துவதைக் குறைத்து வழிகாட்டுவதைக் கூட்டுவோம் என்பது ஒன்றிய அரசின் வாதம். அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டே கேட்கலாம்: வழிகாட்டுதல் எங்கே? ஆய்வாளர் கையில் என்ன தாள் இருக்கிறது? வாயால் சொல்லிவிட்டுப் போகும் ஆலோசனை, அடுத்த ஆய்வாளர் வரும்போது மாறிவிடும். ஆவடி வழக்கு கற்பித்தது, அரசுக் கடிதமே சட்டத்தைத் தவறாகச் சொல்லக்கூடும் என்பதைத்தான். ஆகவே, சொல்வது எதுவாயினும் எழுத்தில், எல்லோரும் பார்த்துக் கேள்வி கேட்கும்படி வெளியாக வேண்டும்.

தமிழ்நாடு அரசு இதைத் தானே தொடங்கலாம். தொழிலாளர் துறை, ஒவ்வொரு தொழிலுக்கும் குறைந்தபட்ச ஊதியத்தையும், சென்னை நுகர்வோர் விலைக் குறியீட்டையொட்டி ஆண்டுதோறும் மாறும் அகவிலைப்படியையும் கணக்கிட்டு வெளியிடுகிறது. அதே தாளில் இன்னொரு பத்தியைச் சேர்த்து, அந்தக் கூலிக்கு ஒரு மணி நேர விகிதம் எவ்வளவு, மிகைநேர மணிக்கு எவ்வளவு என்று ரூபாயில் போட்டுவிடலாம். பீஸ் ரேட்டுக்கு ஒரு முழு எடுத்துக்காட்டு வேண்டும். பன்னிரண்டு மணி நேரக் காவல் பணிக்கு ஒன்று வேண்டும். ஒன்றரை ஷிஃப்ட்டுக்குக் கட்டாயம் ஒன்று வேண்டும், அந்தப் பெயரிலேயே. தமிழில் மட்டும் போதாது. திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் மெஷினில் நிற்பவர்களில் ஒடியாவும் இந்தியும் வங்காளமும் பேசுகிறவர்கள் ஏராளம். முதலாளிக்கு அனுப்பும் அதே தாளை, பெரிய எழுத்தில், சாப்பாட்டுக் கூடத்திலும் ஹாஸ்டல் வாசலிலும் ஒட்ட வேண்டும். முதலாளிக்கு ஒரு வழிகாட்டி, தொழிலாளிக்கு வேறொரு துண்டுப் பிரசுரம் என்று இரண்டாகப் பிரித்தால் மறுபடியும் இரண்டு கணக்கு முளைத்துவிடும்.

இரட்டிப்பு எதன் மீது என்ற கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு டெல்லிக்கு. ‘இரண்டு மடங்குக்குக் குறையாமல்’ என்றுதான் தொகுப்பு சொல்கிறது. அதற்கு மேல் கொடுப்பதை அது தடுக்கவில்லை. வழக்கமாக மாதந்தோறும் தரும் எல்லாப் படிகளையும் சேர்த்தே மிகைநேர ஊதியம் என்பதை ஒன்றிய அரசு சட்டத் திருத்தத்தின் மூலம் உறுதிசெய்ய வேண்டும். ஆவடித் தொழிலாளர்கள் 59-ஆவது பிரிவின் கீழ் வென்றெடுத்ததை, அந்தப் பிரிவு போய்விட்டது என்ற ஒரே காரணத்துக்காக அடுத்த தலைமுறையை மறுபடி முதலிலிருந்து வழக்காட வைப்பது அநீதி. தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்கள், கட்சி வேறுபாடு இன்றி, எழுப்ப வேண்டிய கேள்வி இது.

அதுவரை தொழிலாளிகள் காத்திருக்க வேண்டியதில்லை. பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் ஆறு மாதத்துக்குள் கோரிக்கை மனு கொடுக்க வேண்டியிருந்தது. புதிய ஊதியத் தொகுப்பில் மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. குறைத்துக் கொடுத்த தொகையோடு, அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு தர உத்தரவிட அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது. கூலியை முழுதாகக் கொடுத்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்று 59-ஆவது பிரிவு சொல்கிறது. இது புதிய தொகுப்பின் 59. இந்த வரிகளைப் படிப்பவர் சம்பளம் வாங்குபவராக இருந்தால், சென்ற மாதச் சீட்டை எடுத்து ஓ.டி. தொகையை ஓ.டி. மணியால் வகுத்துப் பாருங்கள். சம்பளம் கொடுப்பவராக இருந்தால், உங்கள் கன்சல்டன்டின் எக்செல் தாளில் அதே கட்டத்தைத் திறந்து பாருங்கள். சீட்டே தராத இடத்தில் வேலை செய்பவர்கள், தினமும் உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுக்கும்போது அது கையில் இருக்கட்டும்.